நேசையாவுக்கு நின்ற பிணை

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக நினைப்பவருக்கு நல்ல காரணம் இருந்தால் மட்டும் போதாது, பிணை நிற்க ஓர் ஆளும் வேண்டும். அப்போது ஊரை ஆண்ட இயக்கம் பயண அனுமதி கொடுக்கும் பாஸ் கந்தோரில் அந்த ஆள் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். போனவர் திரும்பி வந்து பாஸை ஒப்படைக்கும்வரை பிணை நின்றவர் கிளாலிப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. கிளாலியில்தான் வள்ளம் ஏறி நீரேரியைக் கடந்து வெளியே போக வேண்டும், வேறு வழி கிடையாது. அதனால் மகனுக்குத் தகப்பன் பிணை நின்றார், புருஷனுக்குப் பெண்சாதி நின்றாள். சொந்தமில்லாத ஒருவருக்கு இன்னொருவர் நின்றதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

பௌதிக விரிவுரையாளர் ஹரோல்ட் நேசையாவுக்கு அப்படி நிற்க ஒரு குஞ்சு குருமானும் இல்லை. கலியாணம் கட்டாத மனிதர். தாய் தகப்பன் இருவரும் செத்துச் சேமக்காலையில். ஒரே தமக்கை ஐரிஸ் கனடாவில். கனடாவில் தமக்கை உள்ளவர் போனால் திரும்பி வருவாரா என்று ஊர் ஏற்கெனவே முடிவு கட்டி வைத்திருந்தது. அதோடு வாயும் கொஞ்சம் நீளம். மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் ஒருவரைக் குத்துவார். குத்தினது விளங்காமல் அவர் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிப்பார். அப்படிக் குத்து வாங்கியவர்களில் பத்து வருஷமாக முதலிடம் கணித விரிவுரையாளர் இளையதம்பிக்குத்தான்.

இளையதம்பி கரவெட்டிக்காரர். வெங்காயத் தோட்டத்துக்கு இறைத்த கையோடு படித்து வந்தவர். அவருக்குச் சொந்தமாக ஒரு யோசனையும் வராது, கொடுத்த கணக்கைப் பிழையில்லாமல் செய்வார், அவ்வளவுதான் என்பது நேசையாவின் தீர்ப்பு. "இளையதம்பி ஒரு நல்ல கல்குலேற்றர். பற்றறியும் தேவையில்லை" என்று ஒருமுறை ஆசிரியர் அறையில் சொன்னார். பற்றறிக்குத் தடை இருந்த காலம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இளையதம்பியும் சிரித்தார். வீட்டுக்கு வந்து ஒரு கிழமை, ஏழு நாளும், சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வருஷம் இளையதம்பிக்கு வேறு ஒரு கவலை வந்திருந்தது. கண்ணுக்குள் அழுத்தம். இடது கண் முக்கால்வாசி போய்விட்டது. வலது கண்ணிலும் ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. ஊரில் பார்த்த டொக்டர் ஒளித்து மறைத்துப் பேசவில்லை. "சொட்டு மருந்து கொஞ்ச நாளைக்குத் தாங்கும். கொழும்பிலை ஒப்பரேஷன் செய்து வெட்டினால் வலது கண்ணைக் காப்பாற்றலாம். வருஷம் முடிய முன்னம் வெட்ட வேணும், பிந்தினால் போனது போனதுதான்." அவரே கடிதம் எழுதி நாளும் எடுத்துக் கொடுத்தார். கார்த்திகை பதினெட்டு. மனைவி பூரணம் அந்தத் திகதியைச் சமையலறைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்தத் திகதிதான் பேச்சு.

ஆவணி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் பகல் நேசையா இளையதம்பியின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கையில் ஒரு கடிதம். செஞ்சிலுவைக் கப்பலில் நாலு மாதம் கிடந்து வந்திருந்தது. இத்தாலியில் ஒரு கருத்தரங்கு, மூன்று கிழமை, விமானச் செலவு அவர்களுடையது. கருந்துளைகளைப் பற்றி நேசையா செய்த வேலையைக் கேட்க அழைத்திருந்தார்கள்.

கருந்துளையைச் சுற்றி நிகழ்வெல்லை என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டி உள்ளே போனது எதுவும், வெளிச்சம் உட்பட, வெளியே வராது. ஆனால் குவாண்டம் விதிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கருந்துளை மெல்ல மெல்லச் சூட்டை வெளியே விட்டுக் கரைகிறது. கரைந்து முடிந்தால் உள்ளே விழுந்ததெல்லாம் எங்கே போயிற்று என்பது உலகத்துப் பௌதிகக்காரர்களின் தலையிடி. நேசையாவிடம் அதற்கு ஒரு விடை இருந்தது. அது முழுக்கக் கரையாது. ஈர்ப்பே குவாண்டம் விதிகளுக்குக் கட்டுப்படும் அளவுக்கு அது சிறுத்ததும், கணக்கில் ஒரு திருத்த உறுப்பு தலையெடுத்துக் கரைவதை நிறுத்திவிடும். ஒரு விதை மிஞ்சும், உள்ளே போனதெல்லாம் அந்த விதைக்குள்ளேயே கிடக்கும். ஆறு வருஷம், பதுங்குகுழிக்குள் இருந்துகூட, நேசையா இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

"மூண்டு கிழமைதான் இளையதம்பி. புரட்டாதி முடிய முன்னம் வந்திடுவன். எனக்குப் பிணை நிக்க ஒருத்தரும் இல்லை, உமக்குத் தெரியும்" என்றார். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. இளையதம்பிக்கு அதைப் பார்க்க நன்றாகவே இருந்தது.

"ஒரு கிழமை தாங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்."

நேசையா ஒரு கடதாசிக் கட்டை மேசையில் வைத்தார். "கட்டுரையின்ரை முதல் பிரதி. நேரமிருந்தால் பாரும். விளங்காட்டில் பரவாயில்லை, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்." அதுதான் நேசையா. பிச்சை கேட்க வந்த இடத்திலும் வாசற்படியில் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் போவார்.

வெள்ளைக் கடதாசிக்கும் தட்டுப்பாடான நாட்கள் அவை. திருத்தி முடித்த பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில்தான் எல்லாரும் எழுதினார்கள். நேசையாவும் அப்படித்தான் பென்சிலால் நூற்றிருபது பக்கம் எழுதியிருந்தார். மெல்லிய தாள், முன்பக்கத்துப் பிள்ளைகளின் மை பின்பக்கம் ஊறித் தெரிந்தது. இளையதம்பி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில், யன்னலோரம் கதிரை போட்டு, பூதக்கண்ணாடியை வலது கண்ணில் பிடித்தபடி வாசித்தார். கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் பின்னாகப் போவதுதான் அவருடைய வழக்கம். முன்னாலிருந்து போனால் எழுதியவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவான், பின்னாலிருந்து வந்தால் அவன் விட்ட ஓட்டையெல்லாம் தெரியும் என்பார்.

நாலாம் நாள் நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றுவிட்டார். ஒன்பதாம் வரியில் திருத்த உறுப்புக்கு முன்னால் சகக்குறி, கூட்டல் அடையாளம். அவருடைய கணக்கில் சயக்குறி வந்தது, கழித்தல். வேறு வழியால் செய்து பார்த்தார், சயக்குறிதான். வரியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். நேசையாவும் பென்சிலால் சயக்குறிதான் போட்டிருந்தார். அதன் நடுவால் நிமிர்ந்து போன கோடு பின்பக்கத்திலிருந்து ஊறி வந்தது. தாளைத் திருப்பினார். யாரோ ஒரு மாணவனின் விடையைப் பிழை என்று நேசையா தன் சிவப்புப் பேனையால் மேலிருந்து கீழாகக் கீறி எறிந்திருந்தார். நேசையா பிழை போட்டால் கடதாசி கிழியும், அவ்வளவு கோபம் கையில் இருக்கும். போத்தல் விளக்கில் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதானே. அடுத்த பக்கத்துக்குப் போகும்போது தன் கோட்டையே சகக்குறியாக வாசித்துவிட்டார். அதிலிருந்து எண்பது பக்கமும் பிழை. சயக்குறி என்றால் கரைவது நிற்காது, விதை மிஞ்சாது. ஆறு வருஷமும் வெறுங்கையோடு போயிற்று.

இளையதம்பி அன்று அடைந்த சந்தோஷத்தில் பகை ஒரு துளியும் இருக்கவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். அரைவாசி போன கண்ணால் ஒரு கோட்டைக் கண்டுபிடித்த சந்தோஷம் அது. நேரே போய் நேசையாவிடம் சொல்வது, பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வது, வேண்டுமானால் இரண்டு பேருமாகத் திருத்தி எழுதுவது என்றெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்தார். காலையில் சைக்கிளைப் பூரணம் பிடித்துக் கொடுக்க, கட்டைக் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

ஆசிரியர் அறையில் ஐந்தாறு பேர் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்த இளையதம்பி ஓரத்தில் கிடந்த கதிரையைக் காணாமல் முழங்காலை இடித்துக்கொண்டார். கடதாசிக் கட்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"மெதுவா, மெதுவா" என்றார் நேசையா, அறை முழுக்கக் கேட்க. "இளையதம்பியின்ரை கண்ணுக்குள்ளை ஒரு கருந்துளை வளருது. இனி உள்ளை போற வெளிச்சம் ஒண்டும் வெளியிலை வராது. முந்தியும் வந்ததில்லை எண்டு வையுங்கோ."

இரசாயனம் படிப்பிக்கும் செல்வரட்ணத்துக்குத் தேநீர் புரையேறியது. மற்றவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்கள். இந்த முறை இளையதம்பி சிரிக்கவில்லை. கட்டை மேசையில் வைத்து, விளிம்புகளை ஒன்றாகத் தட்டி அடுக்கினார்.

"வாசிச்சீரோ?" என்று நேசையா கேட்டார். கேட்ட பிறகுதான் தான் யாரிடம் பிணை கேட்டிருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், முகம் கொஞ்சம் மாறியது.

"வாசிச்சன்."

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு. ஒரு பிழையுமில்லை" என்றார் இளையதம்பி. "நாளைக்குப் பாஸ் கந்தோருக்குப் போவம். நான் நிக்கிறன்."

வீட்டில் பூரணம் தலையில் கை வைத்தாள். "உங்களுக்கென்ன விசரே? அந்தாள் வராட்டில் கார்த்திகையிலை நீங்கள் எப்பிடிப் போறது?"

"வருவார். அங்கை அவரை ஆருக்குத் தெரியும்? இஞ்சைதான் அவரின்ரை ராச்சியம்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். நேசையாவை மேடையில் நிறுத்தி, உலகத்துப் பெரிய தலைகளெல்லாம் முன்வரிசையில் இருக்க, யாராவது ஒருவர் எழுந்து "இந்தக் குறி பிழை" என்று சொல்வதை அவர் ஒரு நாளில் நாலைந்து தரம் மனதில் ஓட்டிப் பார்த்தார். பிறகு நேசையா தலை தொங்கப்போட்டுக்கொண்டு வந்து கிளாலியில் இறங்க வேண்டும், ஆசிரியர் அறையில் வாய் பேசாமல் இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்குத்தான் அவர் பிணை நின்றார். அவமானப்பட்டவன் ஊருக்குத்தான் திரும்பி வருவான் என்பது அவருடைய கணக்கு.

புறப்படுவதற்கு முதல் நாள் நேசையா வீடு தேடி வந்தார். சைக்கிளில் இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் கட்டியிருந்தார். அந்த நாளில் இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் என்றால் நகை கொடுத்த மாதிரி.

"நான் திரும்பி வரும்வரைக்கும் எனக்குத் தேவையில்லை, நீர் வைச்சிரும்" என்றார். பிறகு வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இளையதம்பி, அண்டைக்கு உம்மடை கண்ணைப் பற்றிச் சொன்னது பிழை. எனக்கு வாய் அப்பிடிப் பழகிப்போச்சு. மனசிலை வைச்சிருக்காதையும்."

நேசையா மன்னிப்புக் கேட்டதை அந்த ஊரில் வேறு யாரும் கண்டதில்லை. பிழையைச் சொல்ல ஒரு வசனம் போதும், இளையதம்பிக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மேடையில் நிற்கும் நேசையாவை அவர் மூன்று கிழமையாக வளர்த்து வைத்திருந்தார், அதை விட மனம் வரவில்லை. "அதிலை என்ன, நான் அதை எப்பவோ மறந்திட்டன். போயிட்டு வாங்கோ" என்றார். மண்ணெண்ணெயையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

புரட்டாதி முடிந்தது. நேசையா வரவில்லை. ஐப்பசி நடுப்பகுதியில் செல்வரட்ணம், "உம்மடை ஆள் கனடாவுக்கு ஏறியிருப்பார் ஐசே" என்று சிரித்தார். இளையதம்பி அவரிடமே, பிணையை உம்முடைய பேருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். செல்வரட்ணத்தின் சிரிப்பு நின்றது. தன் மாமியாருக்குச் சுகமில்லை, எந்த நேரமும் வெளியே போகவேண்டி வரலாம் என்றார். அதற்குப் பிறகு இளையதம்பி வேறு எட்டுப் பேரிடம் கேட்டார். ஓடிப்போனவனுக்குப் பிணை நிற்க யாருக்குப் பைத்தியம்? ஒருவர் மட்டும் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, பிறகு இல்லையென்றார்.

கார்த்திகை பத்தாம் திகதி பூரணம் அவரைக் கையில் பிடித்துப் பாஸ் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவள் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க பெண், இரட்டைப் பின்னல். கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"ஐயா, நீங்கள் ஒராளுக்குப் பிணை நிக்கிறியள். அவர் வந்தாப் பிறகுதான் உங்களை விடலாம்."

"அவர் வரமாட்டார் பிள்ளை. எனக்குக் கண் வெட்ட நாள் தந்திருக்கினம். இந்தக் கடிதத்தைப் பாரும்."

அவள் கடிதத்தைக் கடைசிவரை வாசித்தாள். "கண்தானே ஐயா. உயிருக்கு ஆபத்து எண்டால் மேலிடத்திலை கேட்டுப் பாக்கலாம். அவர் வருவார் எண்டு சொல்லி நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள்?" என்று கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தாள்.

பதினெட்டாம் திகதி வந்து போனது. பூரணம் சுவரிலிருந்த கரி எழுத்தை ஈரத்துணியால் அழித்தாள். மார்கழியில் சொட்டு மருந்து முடிந்தது, கப்பலில் அடுத்தது வரவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் இளையதம்பி ஒரு செய்திக்காகக் காத்திருந்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். நேசையா மேடையில் எப்படி விழுந்தார் என்று யாராவது எழுதுவார்கள், அதைக் கேட்டாலாவது போதும் என்று இருந்தார். தைமாதத்தில் அவருக்கு ஆளின் நிழல் தெரிந்தது. மாசியில் யன்னல் எந்தப் பக்கம் என்பதே தெரியவில்லை. தெரிந்த வகுப்பைத் தெரிந்தபடி படிப்பித்துப் பார்த்தார், கரும்பலகையில் எழுத்தின் மேல் எழுத்தை எழுதினார், பிள்ளைகள் சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்தார்கள். பிறகு போவதை விட்டுவிட்டார்.

பங்குனியில் நேசையாவின் கடிதம் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து விறாந்தையில் இருந்தபோது பூரணம் உறையைக் கிழித்தாள்.

"தமிழிலை எழுதியிருக்கிறார்" என்றாள் ஆச்சரியத்தோடு. வாசிக்கத் தொடங்கினாள்.

'அன்புள்ள இளையதம்பி, உம்முடைய கண்ணை நினைத்துத்தான் தமிழில் எழுதுகிறேன், பூரணம் வாசித்துக் காட்டட்டும். நான் திரும்பி வராததற்கு என்னை மன்னிக்க வேண்டும். நடந்ததைக் கேளும். என் பேச்சு முடிந்ததும் மூன்றாம் வரிசையிலிருந்து ஆர்ஜென்டினாக்காரப் பெண் ஒருத்தி எழுந்து, இந்தக் குறி பிழையில்லையா என்று கேட்டாள். முதல் பிரதியை எடுத்துப் பார்த்தால் என் சிவப்புப் பேனைக் கோடு! சபை முழுக்கச் சிரித்தது, நல்ல சிரிப்பு, நானும் சிரித்தேன். விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதிய கதையைக் கேட்டு எழுந்து நின்று கை தட்டினார்கள். பின்னேரம் முழுக்கப் பலகையில் நின்றோம். சரியான குறியோடு கணக்கு அழகாகப் போகிறது. விதை மிஞ்சவில்லை. ஆனால் வெளியே வருகிற சூட்டில், உள்ளே விழுந்ததன் அடையாளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வருவதுபோலத் தெரிகிறது. முடிவாகச் சொல்ல இன்னும் வேலை இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் இங்கே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.'

பூரணம் நிறுத்தினாள். மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னார் இளையதம்பி. அவள் தொடர்ந்தாள்.

'நீர் வாசித்தேன் என்று சொன்னீர். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னீர் என்று அன்றைக்கே தெரியும். அந்தக் கண்ணோடு அதை எப்படி வாசிப்பது? வாசித்திருந்தாலும் பிடிபட்டிருக்காது, அதற்காக வருத்தப்படாதையும். பிணையை வேறு யாராவது மாற்றி எடுத்து, கார்த்திகையில் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஹரோல்ட்.'

"நான் வாசிச்சனான்" என்றார் இளையதம்பி. குரல் பெரிதாக வந்தது. "பிழையைக் கண்டனான். அந்தச் சிவப்புக் கோட்டை அவருக்கு முன்னம் கண்டது நான்."

"எப்ப?"

"ஆவணியிலை."

"கையெழுத்து வைக்க முன்னமோ, பின்னமோ?"

"முன்னம்."

"அவருக்குச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்?"

"போயிருக்கமாட்டார். பிழைக் கட்டுரையோடை போய் நிக்கிற ஆளில்லை. திருப்பி எழுத ஒரு வருஷம் வேணும்."

"அவர் போகாட்டில் பிணையும் இல்லை" என்றாள் பூரணம். "கார்த்திகையிலை நீங்கள் கொழும்புக்குப் போயிருப்பியள்."

அவள் கேட்கவில்லை, சொன்னாள். இளையதம்பிக்கு அவளுடைய முகம் தெரியாது. அழுகிறாளா என்று காது கொடுத்துப் பார்த்தார், அழுகிற சத்தம் இல்லை. அவருக்கு அந்த நேரத்தில் அவளைப் பற்றிய யோசனையும் அதிகம் இருக்கவில்லை. நேசையா இத்தாலியில் இருந்துகொண்டு தன்னைப் பார்த்துப் பாவம் என்று நினைப்பதை எண்ணத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

"கடதாசி எடும்" என்றார். "மறுமொழி எழுத வேணும். நான் சொல்லுறன், எழுதும். நாற்பத்தோராம் பக்கம், மேலையிருந்து ஒன்பதாம் வரி. நீங்கள் போக முன்னமே கண்டிட்டன். வேணுமெண்டுதான் சொல்லேல்லை. எனக்குப் பிடிபடும். உங்களுக்குத்தான் பிடிபடேல்லை. எழுதினீரோ?"

"எழுதிறன்."

அவர் இன்னும் சொன்னார். கல்குலேற்றர் கதையைச் சொன்னார், ஆசிரியர் அறையைச் சொன்னார், பத்து வருஷத்துக் குத்துகளை ஒன்றும் விடாமல் சொன்னார். தாளில் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லி முடித்தபோது வேர்த்திருந்தது, மனம் கொஞ்சம் இளகியது.

"எங்கை, வாசியும் பாப்பம்."

பூரணம் வாசித்தாள். "மதிப்புக்குரிய நேசையா அவர்களுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. சந்தோஷம். நீங்கள் எழுதியது சரி. இவர் அந்தக் கட்டுரையை வாசிக்கவில்லை. வாசித்துப் பிழையைக் கண்டிருந்தால் ஓடி வந்து சொல்லியிருப்பார். இப்போது இவருக்குக் கண் இரண்டும் போய்விட்டது. இனி வாசிக்கிற சாமான் ஒன்றும் அனுப்ப வேண்டாம். இப்படிக்கு, பூரணம்."

"நான் சொன்னதை எழுதேல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

"உங்களை நல்ல மனுசன் எண்டு நம்புறதுக்கு இனி அவர் ஒராள்தான் மிச்சம்" என்றாள் பூரணம்.

அவள் தாளை மடித்து உறைக்குள் போட்டாள். உறையை ஒட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போய்ச் செருப்பைத் தேடினாள். தபாற்கந்தோர் மூன்று மணிக்குப் பூட்டிவிடும்.